டிராக்டர் செய்யாத டிராக்டர் கம்பெனி

“முதல்ல இந்த வார்த்தையை எடுங்க” என்றார் மேலாளர் மிர்ட்டஸ்.

தார்சிசியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நியூயார்க் தலைமை அலுவலகம் ஆங்கிலத்தில் அனுப்பும் பங்குச்சந்தை அறிக்கைகளை, சாவோ பாவ்லோ வாடிக்கையாளர்களுக்காகப் போர்த்துக்கீசியத்தில் எழுதுவது முப்பத்தொரு வருடமாக அவர் வேலை. இந்த அறிக்கை, மூன்று வருடமாக ஒரு டிராக்டரும் செய்யாத ஒரு டிராக்டர் கம்பெனியின் பங்கைப் பற்றியது. ஆங்கிலத்தில் ‘ஜங்க்’ என்றிருந்தது. அவர் ‘மிக்கோ’ என்று எழுதியிருந்தார். குட்டிக் குரங்கு. இங்குள்ள ஒரு சீட்டாட்டத்தில் கடைசியாக அந்தக் குரங்குச் சீட்டு யார் கையில் தங்குகிறதோ அவர் தோற்றார். உதவாத பங்குக்கும் இங்கே அதுதான் பெயர்.

“மிக்கோன்னு போட்டா எவன் வாங்குவான்?”

“வாங்காதீங்கன்னுதானே மேடம் அவங்க எழுதியிருக்காங்க!”

“நம்மகிட்ட அது மூட்டை மூட்டையா கிடக்கு. ஆமா, நீங்க ஓய்வு பெற இன்னும் நாலு மாசம்தானே?”

முப்பத்தொரு வருடம் சம்பளத்தில் பிடித்த ஓய்வூதியப் பணம் அலுவலகத்தின் கையில் இருந்தது. தார்சிசியோ ‘ஆபத்தானது’ என்று மாற்றினார். மிர்ட்டஸ் முகம் சுளித்தார். ‘ஏற்ற இறக்கம் உள்ளது.’ ம்ஹூம். ‘துணிந்தவர்களுக்கு ஏற்றது.’

“இன்னும் கொஞ்சம் மனசு வைங்க!”

கடைசியில் ‘வளரத் துடிக்கும் பங்கு’ என்று வந்து நின்றது.

வாடிக்கையாளர்கள் அள்ளினார்கள். விலை ஏறியது. நியூயார்க் விழித்துக்கொண்டது: உங்கள் ஊரில் என்ன எழுதினீர்கள், ஆங்கிலத்தில் அனுப்புங்கள்.

“அவங்க அறிக்கையையே திருப்பி அனுப்பிடலாமே மேடம்?”

“அப்போ விலை ஏன் ஏறுச்சுன்னு கேட்டா? நம்மளோடதை வரிக்கு வரி இங்கிலீஷ்ல மாத்துங்க. மேல ‘உள்ளூர் நிபுணர் கருத்து’ன்னு போடுங்க.”

போட்டார். அடுத்த வாரமே நியூயார்க்கிலிருந்து புதிய அறிக்கை வந்தது: ‘உள்ளூர் நிபுணர்கள் கருத்துப்படி, இது வளரத் துடிக்கும் பங்கு.’ இந்த விவகாரத்தில் முதல்முறையாக ஒரு சொல்லையும் திரிக்காமல் மொழிபெயர்த்துக் கையெழுத்திட்டார் தார்சிசியோ. மனசாட்சிக்கும் அன்று விடுமுறை.

புதன்கிழமை மதியம், கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஓய்வூதியப் பிரிவுக்கு இறங்கிப் போனார். தன் பணம் எவ்வளவு தேறும் என்று கேட்டார்.

அங்கே எழுத்தராக இருந்த நெய்டி எழுந்து கைகுலுக்கினாள்.

“கவலையே வேண்டாம் அண்ணே, நம்ம எல்லாரோட பணத்தையும் நேத்தே அந்த டிராக்டர் பங்குல போட்டாச்சு, கமிட்டியில யாரும் அறிக்கையைப் படிக்கக்கூட இல்லை, அடியில உங்க கையெழுத்தைப் பார்த்ததுமே சரின்னுட்டாங்க!”