என்னைத் துரோகியாக்கிய மருமகளுக்கு

அன்புள்ள அக்கா மகள் காவியாவுக்கு,

உன் தாய்மாமன் தருமலிங்கம் பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே உன் அத்தை லோகாம்பாள், ஆடு இரண்டு, படகு ஒன்று எல்லாம் நலம். நான் நலம் இல்லை. அங்கே நீ நலமா என்று கேட்பது முறை, ஆகவே கேட்டுவிட்டேன். நலமாக இருந்தால் எனக்குத் தெரிவிக்க வேண்டாம், வயிறு எரியும். போனில் திட்டாமல் ஏன் கடிதம் எழுதுகிறார் மாமா என்று நினைப்பாய். நீ என்னை எழுத்தில்தானே அசிங்கப்படுத்தினாய், திட்டும் எழுத்திலேயே வந்து சேரட்டும்.

நீ அனுப்பிய கடைசிப் புத்தகம் கிடைத்தது. 'கால்வாய்க்குக் கீழே' வரிசையில் முதல் நாலு பாகத்தையும் நம் குப்பமே படித்தது உனக்குத் தெரியும். சென்னைக்கு அடியில் பழைய கால்வாய்க்குள் உப்புக்காரர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, அது மனிதர்களின் நிழலைத் திருடித் தின்கிறது, பிளஸ் டூ படிக்கும் சுடரி என்ற பெண்ணின் கண்ணுக்கு மட்டும் அது தெரிகிறது, அவளை ஒரு படகுக்காரன் மேம்பாலத்துக்குக் கீழேயும் மெட்ரோ சுரங்கத்துக்குள்ளேயும் ஏற்றிக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறான். மெட்ரோ சுரங்கத்துக்குள் படகு எப்படியம்மா போகும் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. ஏனென்றால் அந்தப் படகுக்காரன் பெயர் தருமன். அவனுக்கு இடது காதில் பாதி கிடையாது, தூண்டில் முள் கிழித்துவிட்டது. எனக்கும் கிடையாது. அவன் தோளில் பச்சைத் துண்டு. என் தோளிலும் அதுதான். பயந்து கரையில் நிற்கும் சுடரியிடம் ஒவ்வொரு பாகத்திலும் அவன் சொல்வது ஒன்றே ஒன்று: "ஏறு, நான் கீறேன்ல." அது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தினமும் அக்கரைக்கு ஏற்றிப் போகும்போது சொல்வது. நாலு பாகமும் வந்த காலத்தில் இந்தக் கரையில் என் மரியாதையே தனி. பிள்ளைகள் என் படகில் இடம் பிடிக்க முதல்நாளே துண்டு போட்டு வைக்கும். ஆறாம் வகுப்பு மாலதி இருக்கிறாளே, அவள் முன்பலகையை யாருக்கும் விட்டுக்கொடுத்ததே கிடையாது.

அப்படி இருந்த என்னை நீ என்ன செய்தாய்?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பிறகு நீயே உன்னைத் திட்டிக்கொள். போன பாகத்துக்கு ஊரில் அடிதடி ஆகிவிட்டது. ஒரே புத்தகம், படிக்க முப்பது வீடு. தீனா அதைக் கட்டுமரத்துக்கு அடியில் ஒளித்து வைத்து ஒரு மாதம் வெளியே விடவில்லை. அதனால் கடைசிப் புத்தகம் வந்ததும் ஊர்க்கூட்டம் போட்டோம். நான்தான் எழுந்து யோசனை சொன்னேன். அந்த நேரத்தில் என் நாக்கில் மீன் முள் குத்தியிருக்கலாம். "ஏரியில வலை போடறதுக்குப் பாடு வெச்சிக்கறோம்ல, அத்த மாதிரியே பொஸ்தகத்துக்கும் பாடு வெச்சிக்கலாம்" என்றேன். நீ ராயபுரத்தில் வளர்ந்தவள், மறந்திருப்பாய். ஏரியில் நல்ல இடம் சில, வலை பல. யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு, தொழிலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஆளுக்கு ஓர் இடம் தள்ளிப் போய்க்கொண்டே இருப்போம். அதுதான் பாடு. அடுத்தவன் பாட்டுக்குள் மூக்கை நுழைத்தால் குற்றம். எங்களுக்குள் எத்தனை சண்டை இருந்தாலும் இந்த விஷயத்தில் யாரும் பேச்சு மாறியதில்லை.

உன் புத்தகத்தின் முதுகை வலைக் கத்தியால் கிழித்து ஆறு பங்காகப் பிரித்தோம். பதறாதே, சுத்தமாகத்தான் கிழித்தோம், தைக்கவும் நைலான் நூல் எடுத்து வைத்திருக்கிறது. ஊரையும் ஆறு கூட்டமாகப் பிரித்துச் சீட்டுப் போட்டோம். வலை இறங்கும் நாளில் பங்கு ஒன்று தள்ளும். தன் பங்கில் என்ன இருக்கிறது என்று அடுத்த கூட்டத்துக்குச் சொல்லக் கூடாது, போன் போட்டு எழுதியவளைக் கேட்கவும் கூடாது. மீறினால் கோயில் அண்டாவுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். இதெல்லாம் யார் போட்ட சட்டம்? நான் போட்டது. எனக்கு விழுந்தது ஐந்தாம் பங்கு. பச்சையம்மா வீட்டுக்கு முதல் பங்கு. மாலதி வீட்டுக்கு ஆறாவது, அதாவது முடிவு. சீட்டுப் போட்ட மறுநாளே அங்காளம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஊரில் ஒருத்தனும் வலை இறக்கக் கூடாது. வலை இறங்காவிட்டால் பாடு தள்ளாது. புரிகிறதா? எவன் கையில் எந்தப் பங்கு இருந்ததோ அதோடு அவன் அப்படியே நின்றுபோனான்.

நான் நின்றது ஐந்தாம் பங்கில்.

அதில் என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று உனக்கே ஞாபகப்படுத்துகிறேன். சுடரி கடைசி மதகுக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். தருமன் படகோடு வருகிறான். "ஏறு, நான் கீறேன்ல" என்கிறான். அவள் ஏறுகிறாள். அவன் துடுப்புப் போட்டு நேராக உப்புக்காரர்களின் அரசனிடம் கொண்டுபோய் அவளை இறக்கிவிட்டு, "இந்தா, நீ கேட்டது" என்று சொல்லித் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறான். பங்கு முடிந்தது! என் படகில், என் துண்டைப் போட்டுக்கொண்டு, என் காதோடு, நான் சொல்லும் வார்த்தையைச் சொல்லி ஒரு பெண் குழந்தையைக் காட்டிக்கொடுத்திருக்கிறான். அடிப்பாவி, நான் உன்னை என்ன செய்தேன்? உனக்குக் காது குத்தும்போது உன்னை மடியில் வைத்துக்கொண்டது யார்? நீ கடித்த தழும்பு கையில் இன்னும் இருக்கிறது. அதற்கு இதுதான் கைம்மாறா?

முதலில் வெடித்தது வீடு. உன் அத்தைக்குப் படிக்க வராது, அதனால் நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். என் வாயாலேயே என் குட்டை உடைத்தேன். அன்று சோற்றில் உப்பே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "ஒனக்கு எதுக்குய்யா உப்பு, அந்த உப்புக்காரனுங்க கைல போயி வாங்கினு வா" என்றாள். கதைடி அது என்றேன். "கதைல வந்தவன் காதும் ஒன் காது மாதிரியே பாதிதான கீது" என்றாள்.

வீட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எங்கள் ஐந்தாம் பங்குக் கூட்டத்துப் பிள்ளைகள் இருக்கின்றனவே, அவை சட்டத்தை மீறி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை நான் படகைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு வழக்கம்போல "ஏறு, நான் கீறேன்ல" என்றதும் வீல் என்று கத்திக்கொண்டு ஓடின. இவை ஓடியதைப் பார்த்து மற்றவையும் ஓடின. எல்லாம் போய் வேலுவின் படகில் ஏறிக்கொண்டன. வேலுவின் படகு உனக்குத் தெரியாது. அதில் பலகையைவிடத் தார் அதிகம். அடியில் பொத்தல். ஒரு பிள்ளை புத்தகப்பை சுமந்தால் இன்னொன்று டப்பாவால் தண்ணீர் இறைக்க வேண்டும். முகத்துவாரத்துப் பக்கம் காற்று திரும்பினால் அது என்ன ஆகும் என்று நீயே நினைத்துப் பார். வேலுவிடம் போய், "பொத்தல அடைக்காம புள்ளைங்கள ஏத்தாதடா" என்று கத்தினேன். அவன் பீடியை எடுத்துவிட்டு, "அண்ணே, என் படகுல தண்ணிதான் வரும், உப்புக்காரன் வரமாட்டான்" என்கிறான். டீக்கடைக் கோதண்டம் கையிலிருந்த டம்ளரைப் போட்டு உடைத்துச் சிரிக்கிறான்.

ஆகவே நான் என்ன செய்கிறேன் தெரியுமா? தினமும் காலையில் காலிப் படகை எடுத்துக்கொண்டு வேலு படகுக்குப் பின்னாலேயே போகிறேன். ஏதாவது ஆனால் தூக்கிப் போட்டுக்கொள்ளத்தான். அதைப் பார்த்து உள்ளே இருக்கும் பிள்ளைகள், "தொரத்தினு வராரு! தொரத்தினு வராரு!" என்று அலறுகின்றன. வேலு அலறலுக்குப் பயந்து வேகமாகத் துழாவுகிறான், நான் அவனை விட்டுவிடக் கூடாதென்று வேகமாகத் துழாவுகிறேன், அக்கரையில் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாயங்காலம் திரும்பும்போதும் இதே கூத்து. காலிப் படகு எவ்வளவு ஆடும் என்று எனக்கு இத்தனை வருஷத்தில் இப்போதுதான் தெரிந்தது.

இதற்கு நடுவில் ஊர் ஆறு ஊராகப் பிரிந்துவிட்டது. முதல் பங்கு வைத்திருக்கும் பச்சையம்மாவுக்கு நான் இன்னும் நல்லவன், என்னைப் பார்த்தால் கும்பிடுகிறாள். மூன்றாம் பங்குக்காரர்களுக்கு நான் காய்ச்சலில் படுத்திருக்கிறேன், அதனால் உடம்பு எப்படி என்று கேட்கிறார்கள். எல்லாவற்றையும்விட என்னைக் கொல்வது மாலதி. அவள் ஒருத்திதான் வேலு படகை விட்டுவிட்டு வந்தாள். முந்தாநாள் என் காலிப் படகில் தானாக வந்து முன்பலகையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து வழி நெடுக ஒரே அழுகை. தன் டிபன் பெட்டியில் இருந்த வறுத்த இறாலில் பாதியை எடுத்து என் கையில் வைத்தாள். "இன்னாம்மா, எதுக்கு அழுவுற?" என்றேன். "சொல்லக் கூடாது மாமா, பாடு" என்றாள். "ஒங்க பங்குல என்னை இன்னா பண்ணிட்டா அவ?" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்டாவுக்குத் தண்ணி தூக்க ஒடம்புல தெம்பு இல்ல மாமா" என்றாள். சட்டம் போட்டவனே கேட்கலாமா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆனால் ஒன்று புரிந்தது. ஐந்தாவதில் துரோகி ஆக்கியது போதாது, ஆறாவதில் அதைவிடக் கேவலமாக ஏதோ செய்து வைத்திருக்கிறாய். அதற்குத்தான் அந்தக் குழந்தை எனக்குப் பரிதாபப்படுகிறது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை காவியா. எனக்குப் பேர் போனதைப் பற்றிக்கூடக் கவலையில்லை. ஒரு பிள்ளை தண்ணீருக்கும் கரைக்கும் நடுவில் கால் வைக்கும்போது ஒரு நொடி தயங்கும். அந்த நொடியில் அது யாரையாவது நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைத்தான் நீ எடுத்துக் கதைக்குள் போட்டுவிட்டாய். அதனால் பொத்தல் படகில் போகின்றன.

என் முடிவைத் தெரிவித்துக்கொள்கிறேன். உடனே அடுத்த பதிப்பில் படகுக்காரனின் காதை முழுசாக்கு. துண்டை மஞ்சளாக்கு. பெயரை வேலு என்று வை. இல்லையென்றால் உன் கல்யாணத்தில் தாய்மாமன் மாலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள், நான் மணவறை ஏற மாட்டேன். சீர்த் தட்டும் வராது. இனி நீ இங்கே வந்தால் எளாவூர் செக்போஸ்ட்டில் வண்டியை மறிப்பதுபோல படகுத் துறையிலேயே உன்னை மறிப்பேன். அக்காவிடம் இதைச் சொல்லாதே, பிரஷர் ஏறும்.

மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண்விழித்து எழுதாதே. கோபம் ஒருபுறம் இருக்கட்டும், அங்காளம்மன் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் நன்றியுணர்வும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
பாதிக் காதுள்ள உன் மாமன்
தருமலிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி, தபால்பெட்டியில் போட அக்கரைக்கு எடுத்துப் போய், வேலு படகைக் கவனித்த பதற்றத்தில் போடாமலே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், இப்போது உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நேற்று காப்பு அவிழ்த்தார்கள். வலை இறங்கியது, பாடு தள்ளியது. மாலதி ஆறாம் பங்கை இரண்டு கையாலும் எடுத்து வந்து கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும் வரை வாசலிலேயே நின்றாள்.

படித்தேன். அரசனின் சபைக்குள் போக வேறு வழியே இல்லாததால்தான் தருமன் காட்டிக்கொடுப்பவன்போல நடித்தான் என்பதை எங்கள் பங்கின் கடைசி வரியில் ஒரு சொல்லாவது போட்டிருக்கக் கூடாதா, கிராதகி? சுடரியை வெளியே தள்ளிவிட்டு மதகை உள்ளிருந்து தாழ்போட்டுக்கொண்டு அவன் உப்புத் தண்ணீரோடு போகிறான். அவளே அவன் படகை எடுத்துக் கால்வாய் வழியாக ஏரிக்கு வருகிறாள், கரையில் பயந்து நிற்கும் பிள்ளைகளிடம் அவன் சொன்னதையே சொல்கிறாள். உன் அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து போய் என் சோற்றில் உப்புப் போட்டாள். கண்ணீரும் விழுந்திருக்கும்போல, கரித்தது. முழுதும் தின்றேன்.

ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதே. ஆனாலும் அனுப்புகிறேன், திட்டு உனக்குச் சேர வேண்டியது. மாலை நான்தான் போடுவேன். காதைத் தொடாதே. துண்டு பச்சையாகவே இருக்கட்டும்.

பாடு தள்ளியதால் முடிவு இப்போது எங்கள் கூட்டத்திடம் இருக்கிறது. பிள்ளைகள் ராத்திரியே படித்துவிட்டன. சட்டம் என்ன ஆனதோ, யாரைக் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை, இன்று காலை ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் என் படகில் இருந்தன. வேலுவின் பெண்ணும். நான் இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிள்ளைகள் தண்ணீரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தன. அப்போது மாலதி முன்பலகையிலிருந்து எழுந்து என் பச்சைத் துண்டைப் பிடித்து இழுத்து, "தண்ணில நிக்காத மாமா. ஏறு, நாங்க கீறோம்ல" என்றாள்.

ஏறிவிட்டேன்.