ஏறுமுகத்தின் கண்ணாடித் தாள்

காலை ஒன்பதுக்கெல்லாம் மாடிப்படி நிறைந்துவிடும். பத்து மணிக்குக் கைப்பிடிச் சுவரிலும் ஆள். மேலே, முன்பு தட்டச்சு வகுப்பு நடந்த அறையில், அவர் உட்கார்ந்திருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. கேட்கவும் யாருக்கும் நேரமில்லை. 'ஏறுமுகம்' என்றால் போதும். எந்தப் பங்கு ஏறும் என்று விலைக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாராம்.

கம்பெனி என்ன தயாரிக்கிறது, லாபமா நட்டமா, முதலாளி வீட்டில் இருக்கிறாரா ஜெயிலில் இருக்கிறாரா, எதுவும் அவருக்கு வேண்டாம். பழைய விலைக் கோட்டை அச்செடுத்துப் போனால் போதும். அதன்மேல் ஒரு கண்ணாடித் தாளை வைப்பார். தாளில் சிவப்பு மையில் மூன்று மேடு, ஒன்றைவிட ஒன்று பெரிது. பொருந்தும்வரை நகர்த்துவார். பொருந்தாவிட்டால் சாய்ப்பார். பிறகு, "மூணு தாவு தாவியாச்சு. நாலாவது வானத்துலதான்" என்பார். பணத்தை மேசையில் வைத்துவிட்டு வரலாம். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

சுவர் முழுக்க அவருடைய வெற்றிகள், சட்டம் போட்டு. எல்லாம் ஏறிய பங்குகள். ஏறிய பிறகு மாட்டியவை. நேற்று மழை பெய்தது என்று சொல்ல மேதை வேண்டாம், ஈரச் சட்டை போதும். இறங்கிய பங்குகள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. சுவர் போதாது என்று விட்டிருப்பார்.

அந்த வரிசையில் என் மாமனாரும் நின்றார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பின்பக்கம் காட்டும் கண்ணாடியை மட்டும் பார்த்து ஓட்டினால் வண்டி எங்கே போய் நிற்கும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் துணிப்பை. அதில் என் மனைவியின் இன்ஷூரன்ஸ் பணம் முழுவதும். கல்யாணத்துக்கு முன்பு அப்பா பெயரை எழுதி அவள் எடுத்தது. அவள் போய் எட்டு மாதம்.

"மாமா, வேண்டாம்."

"சும்மா இருங்க மாப்பிள்ளை. என் பேத்தி படிப்புக்குத்தான். பேங்க்ல போட்டா தூங்கும்."

"தூங்கட்டும். அங்க தூங்கினா எழுப்பலாம்."

பின்னால் நின்ற தையல்காரர் குறுக்கே வந்தார். "தம்பி, நம்பிக்கை இல்லைன்னா ஒதுங்கி நில்லுங்க. வரிசையை மறிக்காதீங்க."

"மாமா, முதல்ல நான் ஒரு கோடு காட்டறேன். அவர் அதைச் சரியா சொல்லிட்டா பணத்தை நானே மேசையில வைக்கிறேன்."

மாமனார் யோசித்தார். தலையாட்டினார்.

எங்கள் முறை வந்தது. நான் பிரதி எடுத்த தாளை நீட்டினேன். எண் இல்லை, தேதி இல்லை, வெறும் கோடு.

"கம்பெனி பேரு?"

"கோடே பேசும்னு நீங்கதானே சொல்வீங்க."

சிரித்தார். கண்ணாடித் தாளை வைத்தார். நகர்த்தினார். ஒரே ஒரு முறைதான் சாய்க்க வேண்டியிருந்தது.

"அடடா, இதை எங்க பிடிச்சீங்க? இது முதல் தாவல். கொஞ்சம் ஓய்வு. இது ரெண்டாவது. மூணாவதைப் பாருங்க, குதிரை மாதிரி. ஒரு வாரத்துல நாலாவது. இருக்கிறதை மொத்தமா இதுல போடலாம்."

"நிச்சயமா?"

"கோடு பொய் சொல்லாது தம்பி. எழுதித் தரவா?"

"தாங்க."

எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

நான் அசலை எடுத்து மேசையில் விரித்தேன். ஆஸ்பத்திரி அட்டை. ஓரத்தில் டிகிரி, கீழே தேதிகள், தலைப்பில் என் மனைவியின் பெயர். அவளுடைய கடைசி இருபத்திரண்டு நாள் காய்ச்சல். மூன்று முறை ஏறியது. அதற்குமேல் கோடு இல்லை.

மாமனார் கடைசித் தேதியை விரலால் தொட்டார். அந்த வார்டுக்கு வெளியே பெஞ்சில் அத்தனை நாளும் உட்கார்ந்திருந்தவர்.

ஏறுமுகம் தொண்டையைக் கனைத்தார். "இது உடம்புக் கோடு. பங்குக் கோடு வேற."

"உன் தாளுக்கு வித்தியாசம் தெரியலையே" என்றார் மாமனார். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "என் பொண்ணு காய்ச்சல்ல லாபம் பார்த்தியேடா."

தையல்காரர் அந்தக் கையெழுத்துத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு படியில் நின்றவர்களுக்கு உரக்க வாசித்தார். முன்பு கொடுத்த பணத்தைக் கேட்டு ஆட்கள் மேலே ஏறினார்கள். இத்தனை நாளில் ஏறுமுகம் சொல்லாமலே ஏறியது அந்தக் கூட்டம் ஒன்றுதான்.

நாங்கள் இறங்கும்போது ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, அந்த ஆஸ்பத்திரிக்குப் பங்கு இருக்கா? இப்ப என்ன விலை?"

"தெரியாதுங்க. கழுத்துக்கு மேல ஒண்ணு வெச்சிருக்கீங்களே, முதல்ல அதை எடுத்துச் செலவு பண்ணுங்க. தொடாம வெச்சிருந்தா அதுக்கு வட்டி எதுவும் வராது."