ஆபத்தண்ணையின் தேங்காய்க் கணக்கு

வன்னியில் யானையைக் கண்டு ஓடியவர்களைவிட ஆபத்தண்ணையைக் கண்டு ஓடியவர்களே அதிகம். யானை துரத்திவிட்டுப் போய்விடும். ஆபத்தண்ணை இருந்து விளங்கப்படுத்துவார்.

அவர் பளையில் காப்புறுதி முகவர். ஊர் முழுக்கத் தென்னை. ஆனால் அவர் ஒரு தென்னைக்குக் கீழும் நிற்கமாட்டார். எங்கள் முற்றத்துக்கு வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மேலே பார்ப்பார்.

"தம்பி, கதிரையைத் தள்ளிப் போடுங்கோ. அந்தக் குலை முத்தியிருக்கு."

பிறகு தேங்காய் விழுந்தால் மண்டைக்கு என்ன நடக்கும், அதற்கு எந்தத் திட்டம் நல்லது என்று தொடங்குவார். ஒரு கலியாண வீட்டில், வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா என்று மாப்பிள்ளையிடம் விசாரித்து, பந்தி முடியுமுன் கையெழுத்தும் வாங்கியவர்.

செல்வியக்காவைப் பாம்பைக் காட்டிப் பிடித்தார். கணவரை இழந்த செல்வியக்கா, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, விடியுமுன் ஒழுங்கையால் நடந்து ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிப்பவர்.

"பிள்ளை, புடையன் கொத்தினா ஆஸ்பத்திரியில கிடக்கவேணும். கிடக்கிற நாளுக்குச் சம்பளம் ஆர் தாறது? நான் தாறன்."

'நான்' என்றுதான் சொல்வார். கொம்பனி என்று அவர் வாயில் வந்ததில்லை.

கொரோனா வந்தது. தொழிற்சாலையில் ஒருத்திக்குத் தொற்று என்று எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றித் தனிமைப்படுத்தல் நிலையத்தில் வைத்தார்கள். செல்வியக்காவுக்குக் காய்ச்சல்கூட இல்லை. சம்பளமும் இல்லை. பிள்ளைகள் அயல்வீட்டுச் சோற்றில் இருந்தார்கள். ஆபத்தண்ணை போய், வேலிக்கு வெளியே நின்று, "காசு வரும் பிள்ளை, யோசியாதை" என்று கத்திவிட்டு வந்தார்.

வரவில்லை. கிளிநொச்சிக் கிளை முகாமையாளர் அவருடைய தேங்காயை எடுத்தே அவருக்கு விளக்கினாராம்.

"அது ஆஸ்பத்திரி இல்லை அண்ணை. கொள்ளைநோய்க்கு இந்தத் திட்டத்தில இடமுமில்லை. ஒருத்தற்ற தலையில தேங்காய் விழுந்தா மற்றவையின்ர காசில குடுக்கலாம். எல்லாற்ற தலையிலயும் ஒரே நாளில விழுந்தா ஆர் குடுக்கிறது?"

அதைச் செல்வியக்காவிடம் சொல்ல என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். செல்வியக்கா கோபித்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"பரவாயில்லை அண்ணை. நீங்கள் பாம்புக்குத்தானே சொன்னனீங்கள்."

திரும்பும் வழியில் சொன்னார். "ஆனைக்கு யோசிச்சன். இடிக்கு யோசிச்சன். தும்மலுக்கு யோசிக்கேல்லை, தம்பி."

அதன் பிறகுதான், நோய்ப் பயத்தில், சனம் தானாகவே அவரைத் தேடி வந்தது. பயமுறுத்தவே தேவையிருக்கவில்லை. அவரோ, "எதுக்கெல்லாம் தரமாட்டினம் எண்டதை முதல் கேளுங்கோ" என்று ஒவ்வொன்றாக வாசித்தார். பாதியில் எழும்பிப் போனார்கள். அவர் மறிக்கவில்லை.

போன கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹெல்மெட் கையில் இருந்தது. தென்னைக்குக் கீழே கிடந்த கதிரையில் நேரே போய் இருந்தார். மேலே பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். குலை முற்றியிருந்தது.

"ஒருக்கா எழும்புங்கோ அண்ணை" என்று சொல்லி, கதிரையைத் தள்ளிப் போட்டேன்.