சுவர்க் கடிகாரம் காணாமற்போனது தொடர்பாக

அலுவலக வரவேற்பறையின் சுவர்க் கடிகாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காணாமற்போனது. மேற்படி கடிகாரத்தைக் கண்டறிய மூவர் குழு அமைக்கப்பட்டது. மூவரும் தொலைக்காட்சியில் துப்பறியும் தொடரை ஒரு வாரமும் விடாமல் பார்ப்பவர்கள் என்பது கூடுதல் தகுதி.

கண்காணிப்புக் கேமராக்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. பணி நிரந்தரக் கோப்பு அந்த மாதம்தான் மேலே போயிருந்தது. பதிவைப் போட்டுக் காட்டினார். துணை இயக்குநர் நாற்காலிமேல் ஏறுகிறார், கடிகாரத்தைக் கழற்றுகிறார், தூசியை ஊதுகிறார், எடுத்துப் போகிறார்.

குழுத் தலைவி உதட்டைப் பிதுக்கினார். "ரொம்பத் தெளிவா இருக்கே?"

"ஆமா மேடம், புதுக் கேமரா."

"தெளிவா இருந்தாலே போலிதான். போன வாரத் தொடர்ல இப்படித்தான் ஒரு அப்பாவி முகத்தை ஒட்டிட்டாங்க."

"மேடம், அந்தக் கடிகாரமே இங்கதான் இருக்கு. உங்க தலைக்கு மேல."

விசாரணை நடந்தது துணை இயக்குநரின் அறையில். மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மணி பதினொன்றேகால்.

"கண்ணுல படுறதையெல்லாம் நம்புற காலமாய்யா இது?" என்றார் துணை இயக்குநர், வருத்தத்தோடு.

ஓர் உறுப்பினருக்குப் பொறி தட்டியது. "எல்லாரும் பதிவுல இருக்காங்க. நீ மட்டும் எதுலயும் இல்லையே?"

"நான் கேமரா அறையில இருந்தேன் சார். அங்கே கேமரா கிடையாது."

"ஆக, உன்னை நீயே அழிச்சிருக்கே."

கோப்பு நிறுத்திவைக்கப்பட்டது. உண்மையான பதிவைச் சமர்ப்பிக்க மூன்று நாள் அவகாசம்.

மூன்றாம் நாள் சமர்ப்பித்தார். மங்கல் படம். தொப்பியும் மழைக்கோட்டும் போட்ட ஓர் உருவம், முதுகைக் காட்டியபடி வரவேற்பறையைக் கடக்கிறது. நடுவில் படம் இரண்டு முறை துள்ளுகிறது.

"இதுதான் அசல்!" தலைவி மேசையைத் தட்டினார். "அப்படியே தொடர்ல வர்ற மாதிரி!"

"என்ன துணிச்சல் பாருங்க அவனுக்கு!" என்றார் துணை இயக்குநர்.

நிரந்தர ஆணை அன்றே கையெழுத்தானது. உருவத்தின் படம் தெருவெங்கும் ஒட்டப்பட்டது. அலுவலகத் தகவல் பெட்டியில் மட்டும் நாற்பத்திரண்டு கடிதங்கள். அவரவர் தத்தம் மேலதிகாரியைத் திட்டவட்டமாக அடையாளம் கண்டிருந்தார்கள்.

ஆணையோடு வீடு திரும்பியவரை மனைவி வாசலிலேயே மறித்தாள். "ஏங்க, பஸ் நிறுத்தத்துல ஒரு படம் ஒட்டியிருக்கு. முதுகு உங்க முதுகு. மழைக்கோட்டு என் தம்பியோடது."

"கண்ணுல படுறதையெல்லாம் நம்புற காலமா இது?"

"அப்ப இந்த ஆணையை மட்டும் எப்படி நம்புறது?"

அவர் சிரித்தார். பிறகு ஆணையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையெழுத்து ரொம்பத் தெளிவாக இருந்தது.