பின்போட்ட பிறகு படிப்பவர்கள்

“கெமிஸ்ட்ரி எவ்வளவு முடிச்சிட்ட?” என்று கேட்டேன்.

“பௌதிக இரசாயனம் முடிஞ்சுது. அசேதனமும் முடிஞ்சுது,” என்றாள் கமலாசனி.

“சேதனம்? ஓகானிக் கெமிஸ்ட்ரி?”

“அது பின்போட்ட பிறகு.”

“எதைப் பின்போட்ட பிறகு?”

“சோதினையை.”

“பின்போட்டுட்டாங்களா? யாரு சொன்னது?”

கண்டி வாவியைச் சுற்றிப் போகும் நடைபாதையில் அவள் நின்றாள். ஒருவர் வந்து சொல்ல வேண்டுமா என்பதுபோல் எதிரே இருந்த மின்கம்பத்தைக் காட்டினாள். அதில் ஒரு கறுப்புக் கொடி தொங்கியது.

“அது கொடி,” என்றேன்.

“கொடி கட்டினா பஸ் ஓடாது. பஸ் ஓடாட்டிக் கேள்வித்தாள் வராது. கேள்வித்தாள் வராட்டி?”

“வராட்டி?”

“சேதனம் படிக்க ஒரு மாசம் கிடைக்கும். இது கூட விளங்கேல்லையே உனக்கு?”

அன்பான வாசகரே, பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவர்களில் பல இனங்கள் உண்டு. வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு தூக்கத்தை விரட்டுபவர் உண்டு. புத்தகத்தின் எல்லா வரிகளுக்கும் சிவப்புக் கோடு போட்டுவிட்டு முக்கியமானது எது என்று தேடுபவர் உண்டு. நான் இங்கே அறிமுகம் செய்வது இவர்கள் எல்லோரையும்விட நம்பிக்கை மிகுந்த இனம்: பரீட்சை பின்போடப்படும் என்று நம்பி, அதற்கேற்றபடி பாடத்தைப் பிரித்து வைத்துப் படிக்கும் இனம். கலவரமும் கடையடைப்பும் ஊரடங்கும் மாறி மாறி வந்த எண்பதுகளின் கடைசியில், கண்டியில் இது மழைக்காலத்து அட்டைபோலப் பெருகியது.

இந்த இனத்தவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். கடும் உழைப்பாளி. காலையில் தமிழ்ச் செய்தி, அதன் பின் சிங்களச் செய்தி (விளங்காவிட்டாலும், வாசிப்பவரின் குரலில் எவ்வளவு கவலை இருக்கிறது என்று அறிவதற்காக), இரவில் லண்டன் செய்தி. நடுவில் பஸ் நிலையத்தில் கூட்டம் குறைவா கூடவா என்று ஒரு பார்வை, பாண் சுடும் கடையில் கோதுமை மா வந்ததா என்று ஒரு விசாரணை, நாவலப்பிட்டி ரயில் ஏன் பிந்தியது என்று ஓர் ஆராய்ச்சி. இவ்வளவையும் கூட்டிக் கழித்து விடைக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். விடை எப்போதும் ஒன்றுதான். செய்முறை மட்டும் தினமும் புதிது.

எந்தச் செய்தியும் அவருக்குச் சாதகம். பஸ் ஓடவில்லையா? வினாத்தாள் வராது. பஸ் ஓடுகிறதா? “இப்ப அடங்கின மாதிரித்தான் இருக்கும், பொறுத்துப் பார்.” வீதியோரங்களில் கிடந்தவற்றைப் பார்க்காமல் நடக்க நாங்கள் எல்லோரும் பழகியிருந்த காலம் அது. பயப்பட வேண்டிய ஒவ்வொன்றையும் ஒரு திகதிக் கணக்காக மாற்றிக்கொள்ள இந்த இனத்துக்குத்தான் தெரிந்திருந்தது. அதற்காக இவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

கமலாசனியின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிக் கண்டிக் கச்சேரி அலுவலகத்துக்கு வந்தவர். மகளை டாக்டராக்க வேண்டும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. தபாற்காரருக்குக் கால் வீங்கியிருந்தால், அதை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அவள் கடிதத்தை வாங்குவாள். தாவரவியலிலும் விலங்கியலிலும் அவளை எங்களில் யாரும் எட்டிப் பிடிக்க முடியாது. இரசாயனவியலில் மட்டும் இரண்டு முறையும் சேதனப் பகுதிக்கு உரிய தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே போயிற்று. மருத்துவ பீடமும் போயிற்று. இது மூன்றாவது முறை. நான்காவது முறை எழுத விடமாட்டார்கள்.

இதில் ஒரு விபத்து நடந்தது. அந்த வருடம் பரீட்சை உண்மையாகவே பின்போடப்பட்டது.

கட்டுகலையில் ஒரு பாத்திரக் கடையின் மேல்மாடியில் நடந்த எங்கள் டியூஷன் வகுப்புக்கு அன்று கமலாசனி வந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். பையன்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அதுவரை அவளைக் கேலி செய்தவர்கள், அடுத்த வருடம் மழை எப்படி என்றுகூடக் கேட்டார்கள். இரசாயனவியல் கற்பித்த நடராஜா சேர் சோக்குக் கட்டியைக் கீழே வைத்தார்.

“பிள்ள, சோதனைய அவங்க தள்ளுவாங்க. பென்சீன யாரும் தள்ளப்போறதில்ல.”

“ஓம் சேர், இப்ப நேரம் இருக்குத்தானே,” என்றாள் அவள்.

கிடைத்த நேரத்தில் இந்த இனம் என்ன செய்யும்? சேதனம் படிக்கும் என்கிறீர்களா? நீங்கள் இந்த இனத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. இரண்டாவது பின்போடலுக்கு ஆதாரம் தேடும்.

புதிய திகதி நெருங்கியபோது ஒரு பிற்பகல், கணக்கு ஒன்றைக் கேட்க அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்து செருப்பைக் கழற்றியதும் ஊரடங்குச் சட்டம். பக்கத்து வீட்டு டெலிபோனில் அவள் அம்மாவுக்குத் தகவல் சொன்னோம். அத்துடன் டெலிபோன் செத்தது. மின்சாரம் அதற்கு முன்பே போயிருந்தது. ரேடியோவுக்கு பற்றரி இல்லை. பத்திரிகை இல்லை. நாட்கள் போயின, ஊரடங்கு போகவில்லை.

“அன்ரி, பக்கத்து வீட்டுக்காரர் ஏதும் சொன்னவையே?” என்று என் அம்மாவைக் கேட்பாள்.

“ஒண்ணும் சொல்லல பிள்ள. ரொட்டியும் பருப்பும் இருக்கு, வந்து சாப்பிடுங்க.”

“சந்தியிலை ஆமிக்காரர் கூடுதலா நிக்கினமோ?”

“எட்டிப் பாத்தா சுடுவாங்க. சாப்பிடுங்க.”

செய்தி கிடைக்காத அந்த ஜீவன் குப்பை கிளறக் கிடைக்காத கோழிபோல அறைக்குள் சுற்றியது. வாசிப்பதற்கு எங்கள் வீட்டில் வேறு என்ன இருந்தது? சீனி சுற்றி வந்த தாளைப் படித்தாள். கலண்டரின் பின்புறத்தைப் படித்தாள். கடைசியில், வேறு கதியில்லாமல், என்னுடைய சேதனப் புத்தகத்தைத் திறந்தாள். அற்ககோல் அல்டிகைட்டானது, அல்டிகைட்டு அமிலமானது. ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டுத் திரும்பவும் பின்னுக்கு வந்தாள்.

“ஆர் ஆரோடை சேர்ந்தா என்ன வரும் எண்டதுதானே இது முழுக்க?” என்றாள்.

“அதேதான்.”

“இதை ஏனடி ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை? ஊர்ப் புதினம் கதைக்கிற மாதிரியெல்லோ இருக்கு. அதிலையும் இது பொய்க்காது.”

ஊரடங்கு தளர்ந்தபோது பென்சீனின் சொந்தபந்தம் அனைத்தும் அவளுக்கு மனப்பாடம். படிக்காமல் நான் மட்டும் இருந்தேன். அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே எனக்கு நேரம் போதவில்லை.

சிரிக்கிறீர்களா, வாசகரே? சிரியுங்கள். சண்டை முடியட்டும், பிறகு கூரையை மாற்றலாம் என்று இருப்பவர் நீங்கள் இல்லைத்தானே? சாமான் விலை இறங்கட்டும் என்றும், நாட்டு நிலைமை சரிவரட்டும் என்றும், தேர்தல் முடியட்டும் என்றும் அலுமாரிக்கு மேல் எதையும் தூக்கி வைத்திருக்கவில்லையே? நல்லது. அப்படியானால் இந்தக் கட்டுரையை வாசிக்கும் இந்த நேரத்தில் நீங்கள் உண்மையில் செய்திருக்க வேண்டிய வேலை எது என்று மட்டும் ஒரு தரம் யோசித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

கமலாசனி தப்பிவிட்டாள். அவளுக்கு மருத்துவ பீடத்தில் இடம் கிடைத்தது. பல்கலைக்கழகம் திறப்பதுதான் பின்போடப்பட்டிருந்தது.

அவள் குணமாகிவிட்டாள் என்பது அதற்கு முன்பே எனக்குத் தெரியும். இரசாயனவியல் வினாத்தாளன்று காலை, பரீட்சை மண்டபத்தின் வாசற் கேற் திறக்கவில்லை. வழியில் யாரோ மரத்தை வெட்டி வீழ்த்தியிருந்ததால் வினாத்தாள் வாகனம் வந்து சேரவில்லை என்றார்கள். பின்போட்டாயிற்றாம் என்று வரிசையின் பின்பக்கம் யாரோ சொல்ல, ஒரு சந்தோஷ முணுமுணுப்பு எழுந்தது. எல்லோரும் இந்தத் துறையின் மூத்த அறிஞரான கமலாசனியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ சின்ன வகுப்பிலை சிங்களத்திலை படிச்சனீதானே. மண்டபத்துக்குப் பொறுப்பான அந்தப் பெரிய சேரிட்டைப் போய்ச் சொல்லடி. எவ்வளவு பிந்தினாலும் பரவாயில்லையாம், இண்டைக்கே வைக்கட்டாம் எண்டு சொல்லு. நாளைக்கு விட்டா எனக்குப் பென்சீன் நிக்காது.”