எழுப்பாமல் விட்ட நாயகி

கலியாணத்துக்கு முன்பே பெண்ணைக் கொன்ற மாப்பிள்ளை பசறைப் பக்கத்தில் நான் ஒருவன்தான். மேடையில்தான் கொன்றேன். அந்த வித்தியாசத்தை என் மாமியார் இதுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

அப்போது எனக்கு வயது முப்பத்தேழு. பதுளையில் தமிழ் ஆசிரியர். கோமதியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். நாள் மட்டும் குறிக்கவில்லை. காரணம், அவளுடைய அம்மா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்கிற அதே பார்வையால்தான் என்னையும் பார்ப்பார்.

"இத்தன வயசு வரைக்கும் ஒருத்தியும் கெடைக்கலையாக்கும்?"

(கிடைக்கவில்லைதான். அதைச் சொன்னால் சந்தேகம் கூடுமென்று, இலக்கியத்தில் ஈடுபாடு அதிகம் என்றேன். கூடியது.)

அவரை அசத்தத்தான் அந்த நாடகம். புகழ்பெற்ற பழைய நாவலொன்றை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதி, அவர்கள் தோட்டத்து மண்டபத்திலேயே ஒரு ஞாயிறு பிற்பகல் அரங்கேற்றினேன். கோமதிதான் நாயகி. மாட்டுவண்டியை த்ரீவீலராக்கினேன். கடிதத்தை வொய்ஸ் மெசேஜாக்கினேன். ஜமீன்தாரைத் தூக்கிவிட்டுக் கொழும்பு முதலாளியை வைத்தேன். நாயகி காய்ச்சலில் சாகும் முடிவை மட்டும் தொடவில்லை. மகத்தான முடிவில் கைவைக்க நான் யார் என்று ஓர் அடக்கம். (மற்ற முந்நூறு பக்கத்திலும் கைவைத்தபோது அந்த அடக்கம் எங்கே போயிருந்ததோ!)

கோமதி செத்தாள். வெள்ளைத் துணி போர்த்தினோம். திரையை இழுத்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

ஒருவரும் அசையவில்லை.

எங்கள் பக்கத்துக் காமன் கூத்தில் காமன் எரிந்தால் ஒப்பாரி வைப்பார்கள். மூன்றாம் நாள் அவனை உயிர்ப்பித்தே தீருவார்கள். வேடம் கட்டிச் செத்தவரை எழுப்பாமல் விட்டால் நடித்த ஆளுக்கே ஆகாது என்பது அந்தத் தோட்டத்து நம்பிக்கை. எனக்கும் தெரியும். ஆனால் நான் படித்தவன்.

மாமியார் திரையை விலக்கிக்கொண்டு மேடையேறினார்.

"எப்ப எழுப்புவீங்க?"

"அவ்வளவுதாங்க அத்தை. நாவல்லயே கதை அப்படித்தான் முடியுது."

"எழுதுனவரு எங்க? வரச் சொல்லுங்க."

"அவரு செத்துட்டாருங்க."

"பாத்தீங்களா! அவரையும் எழுப்பாம விட்டுட்டாங்க."

மண்டபமே "அதானே!" என்றது. துணிக்குள் கோமதியின் தோள் குலுங்கியது. (பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். அவளை அவ்வளவுதான் அறிந்திருந்தேன்.)

"செத்துக் கெடக்குற புள்ளைக்கு நான் நாள் குறிக்க மாட்டேன், சார்."

சார்! காலையில்தான் 'மாப்பிள்ளை' என்று டீ கொடுத்திருந்தார்.

யாரோ தப்பு மேளத்தை எடுத்து அடிக்கத் தொடங்கினார். எனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. துணியை விலக்கி, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கோமதியின் முகத்தில் தெளித்து, "எந்திரி கோமதி" என்றேன். அசையவில்லை. குனிந்து, "எந்திரிம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தாள்: "இன்னும் கொஞ்சம் கெஞ்சுங்க."

முழங்காலிட்டேன். தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கெஞ்சினேன். அப்புறம்தான் எழுந்தாள். என் நாடக வாழ்க்கையில் கிடைத்த ஒரே கைதட்டல் அது. மறுவாரமே நாள் குறித்தார்கள்.

பத்து வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோமதி மதியம் கண்ணயரும் நேரம் பார்த்து மாமியாரின் அழைப்பு வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"அவ எந்திரிச்சிட்டாளா?"

"எந்திரிச்சிட்டா அத்தை."



"போனை அவகிட்ட குடுங்க."