விளக்கு எரியாமைக்கான விளக்கம்

மின் ஆய்வாளர் தம் வீட்டு விளக்குகளுக்கு மூளை வைக்க முடிவு செய்தது முழுக்க முழுக்கப் பொதுநலன் கருதித்தான். மனைவியிடம் அவர் அப்படித்தான் சொன்னார். எதிர் வீட்டுப் பல் டாக்டர் காரை விட்டு இறங்குவதற்கு முன்பே அவர் வீட்டு விளக்குகள் தாமாக எரிவதும், அதைப் பால்கனியில் நின்று பார்த்துப் பார்த்து ஆய்வாளர் வயிறெரிந்ததும் கோப்பில் ஏறாத விவரங்கள்.

புதிதாகக் கட்டிய கட்டடத்துக்குள் போய், ஒயரிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம். கையெழுத்துப் போடாமல் இருப்பதில்தான் அவருக்குப் பெயர். சுவிட்ச் பலகையில் ஒரு ஸ்குரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தால் போதும், "ஏற்பதற்கில்லை" என்று எழுதிவிட்டு நடையைக் கட்டுவார். அலுவலகத்தில் அவரை ஸ்குரூ என்றுதான் சொல்வார்கள், அவர் காது கேட்காத தூரத்தில்.

மூளை வைக்கும் வேலை மூன்று நாளில் முடிந்தது. வீட்டிலிருந்த சுவிட்சுகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் வழவழவென்று கண்ணாடித் தகடு பதித்தார்கள். சாமான் அறையில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அதிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் மெல்லிய சிக்னல் ஒயர். போனைத் தட்டினால் விளக்கு எரியும். வாயால் சொன்னாலும் எரியும்.

பதினொரு நிமிடம் எரிந்தது.

அப்புறம் ஹால் விளக்கைக் கூப்பிட்டால் குளியலறை விளக்கும் சேர்ந்து எரிந்தது. படுக்கையறை விளக்கு எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. மனைவி மிக்ஸியைப் போட்டால் வீடு மொத்தமும் கண் சிமிட்டிவிட்டு அணைந்தது.

"என்னங்க, சமையலறை விளக்கு எரியலை. 'கருவி பதிலளிக்கவில்லை, சிறிது நேரம் கழித்து முயலவும்'னு போன்ல வருது."

"அப்ப சிறிது நேரம் கழிச்சு முயற்சி பண்ணு."

"உங்க ஆபீஸ்ல படிச்ச விளக்கா இது?" என்று கேட்டுவிட்டு அவள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு காய் நறுக்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை நெட்வொர்க்காரர் வந்தார். லேப்டாப்பை மடியில் வைத்து ஒரு மணி நேரம் தட்டிவிட்டு, "தகவல் தொடர்பு கச்சிதமா இருக்கு. கோளாறு ஒயரிங்ல" என்று சொல்லிப் போனார். புதன்கிழமை ஒயர்மேன் வந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்ட் கச்சிதமா வருது. கோளாறு தகவல் தொடர்புல" என்றார். ஆய்வாளருக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு மரியாதையும் வந்தது. தம் இலாகா நாற்பது வருடம் பாடுபட்டு வளர்த்த நடைமுறையை இவர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் கடைப்பிடிக்கிறார்களே!

சனிக்கிழமை இருவரையும் ஒரே நேரத்தில் வரவழைத்து, ஒரே ஏணிக்குக் கீழே நிறுத்தினார். அரை மணியில் கோளாறுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஹால் விளக்குக்கும் குளியலறை விளக்குக்கும் ஒரே எண் கொடுத்திருந்தார்கள்.

"ரெண்டு பேருக்கு ஒரே பேர் வெச்சிட்டுக் கூப்பிட்டா, ரெண்டு பேரும்தானே சார் திரும்பிப் பார்ப்பாங்க?" என்றார் நெட்வொர்க்காரர், அந்த எண்ணைக் கொடுத்தது வேறு யாரோ என்பது போல.

படுக்கையறையில் சிக்னல் ஒயர் இரண்டும் இடம் மாறியிருந்தன. அதை ஒயர்மேன் யாரும் பார்க்காதபோது மாற்றி முடுக்கினார். விளக்கு எரிந்தது. ஆனால் மனைவி உள்ளே மிக்ஸியைப் போட்டதும் பழையபடி எல்லாம் போயிற்று. ஒயர்மேன் கண்ணாடித் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். நெட்வொர்க்காரரும் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சிக்னல் ஒயர் கரண்ட் ஒயரோட ஒரே பைப்புல போகுது சார். கரண்ட் இழுக்கிறப்ப அந்த இரைச்சல்ல பெட்டி பேசறது விளக்குக்குக் கேக்காது" என்றார் நெட்வொர்க்காரர்.

ஆய்வாளர் நிமிர்ந்தார். இது அவருடைய ராஜ்யம். "ஒரே பைப்புலயா! இது அடிப்படை விதியாச்சே! போன மாசம்தான் இதே குத்தத்துக்கு ஒரு துணிக்கடையையே இருட்டுல உட்கார வெச்சேன். யாருய்யா இதை இழுத்தது?"

"நான்தான் சார்."

"அறிவு வேண்டாம்?"

ஒயர்மேன் தலையைச் சொறிந்தார். "தனிப் பைப் போடணும், சுவரை வெட்டணும்னு சொன்னேன் சார். புதுப் பெயிண்ட், சுவர்ல கை வெச்சா கையை உடைப்பேன்னு நீங்கதான்... பெயிண்ட் பேர்கூடச் சொன்னீங்களே சார், 'பாலைவன மௌனம்'னு."

ஹாலில் கொஞ்ச நேரம் அதே நிறத்தில் மௌனம் நிலவியது. நெட்வொர்க்காரர் அணைந்திருந்த லேப்டாப்பை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஆய்வாளர் பழக்கதோஷத்தில் ஒரு குறிப்பாணை எழுதினார். 'மேற்படி இல்லத்தில் விளக்கு எரியாமைக்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால், அளிப்பதற்குத் தங்களிடம் விளக்கம் ஏதுமில்லை எனக் கருதி மேல் நடவடிக்கை தொடரப்படும்.'

மனைவி டார்ச் வெளிச்சத்தில் அதைப் படித்தாள். "யாருக்கு இது?"

"எனக்குத்தான்."

"குடுங்க. நானே கையெழுத்துப் போடறேன்."

சுவரை வெட்டிவிடுவது என்று முடிவாகியும்விட்டது. அதற்குள் வியாழக்கிழமை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். ஏழு மாடித் தலைமை அலுவலகம் முழுவதையும் மூளையுள்ள விளக்குகளுக்கு மாற்ற உத்தேசம்.

"உங்க வீட்டுல போட்டிருக்கீங்களாமே? எப்படி வேலை செய்யுது?"

"நான் வீட்டுல சுவிட்சைத் தொட்டே ரெண்டு வாரம் ஆச்சு சார்" என்றார் ஆய்வாளர். இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. தொடுவதற்கு வீட்டில் சுவிட்ச் ஏது?

"பிரமாதம். நாளைக்குச் சாயங்காலம் குழுவோட வந்து நேர்ல பார்க்கறோம். நீங்கதான் பரிந்துரை எழுதணும்."

வீட்டுக்கு வந்ததும் ஒயர்மேனை வரவழைத்தார். சுவரை வெட்டிப் பூச எட்டு நாளாகும் என்றார் ஒயர்மேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஆய்வாளர் ஒரு நிமிடம் நினைத்தார். சொன்னால் தம் வீட்டுக்கே "ஏற்பதற்கில்லை" எழுத வேண்டும். எழுதினால் அந்தத் துணிக்கடைக்காரர் அதை வாங்கிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டுவார்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க சார்" என்றார் ஒயர்மேன். "பெட்டியை விலக்கிட்டு விளக்குக்கு நேரா கரண்ட் குடுத்துடறேன். ஒவ்வொரு ரூமுக்கும் சாமான் அறையில தனி பிரேக்கர் இருக்கு. நீங்க ஹால்ல நின்னு போனைத் தட்டுங்க. உள்ள யாராவது நின்னு பிரேக்கரைத் தட்டினாப் போதும்."

இருவரும் திரும்பி மனைவியைப் பார்த்தார்கள்.

"ஆக, சுவிட்ச் வேண்டாம்னு பிடுங்கிப் போட்டுட்டு என்னை சுவிட்சாக்கிட்டீங்க" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை இயக்குநரும், கொள்முதல் அதிகாரியும், கட்டட அதிகாரியும் வந்தார்கள். மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருப்பதாக ஆய்வாளர் அறிவித்தார். சாமான் அறைக் கதவு மூடியிருந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி, "ஹால் விளக்கு எரியட்டும்!" என்றார்.

எரிந்தது.

"ஏன் இவ்வளவு சத்தமாச் சொல்றீங்க?" என்றார் கட்டட அதிகாரி.

"அதுக்குக் கொஞ்சம் மரியாதை எதிர்பார்க்கிற சுபாவம் சார்."

"வெளிச்சத்தைக் குறைக்க முடியுமா?" என்றார் கொள்முதல் அதிகாரி.

"முடியும். ஆனா கண்ணுக்குக் கெடுதல்னு அதுவே குறைக்காது."

அப்போது சாமான் அறைக்குள் யாரோ தும்மினார்கள். அந்தக் கணத்தில் வீடு முழுவதும் ஒரு முறை அணைந்து எரிந்தது.

"சிஸ்டம் தன்னைத் தானே புதுப்பிச்சுக்குது" என்றார் ஆய்வாளர்.

"படுக்கையறை எந்தப் பக்கம்?" என்று இயக்குநர் சாதாரணமாகக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் படுக்கையறை விளக்கு எரிந்தது. ஆய்வாளர் இன்னும் போனைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. கொள்முதல் அதிகாரி பரவசத்தோடு குறித்துக்கொண்டார்: 'பயனாளரின் எண்ணத்தை முன்கூட்டியே உணர்கிறது.'

எல்லோரும் கிளம்பினார்கள். மற்ற இருவரும் வாசலுக்குப் போனதும் இயக்குநர் ஆய்வாளரின் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

"உள்ள யாரு?"

ஆய்வாளர் சாமான் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "என்... என் மனைவி சார்."

"ஒரு நாற்காலி போட்டுக் குடுங்க. நின்னுகிட்டே இருந்தா இடுப்பு பிடிச்சுக்கும். எங்க வீட்டுல என் மச்சினன். ரெண்டு வருஷமா உள்ள இருக்கான்."

"சார்!"

"கொள்முதல் அதிகாரி வீட்டுல மாமனார். கட்டட அதிகாரிதான் பாவம், அவருக்கு ஆள் கிடையாது. போனைத் தட்டிட்டு அவரே ஓடிப் போய்ப் போடறார்."

"அப்ப ஆபீசுக்கு எதுக்கு சார் இது?"

இயக்குநர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது சரியில்லைன்னு எழுதினா, பின்ன உங்க வீட்டுல ஏன் வெச்சீங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

ஆய்வாளர் பரிந்துரை எழுதினார். தம் வாழ்நாளிலேயே முதல் முறையாக எந்தத் திருத்தமும் கேட்காமல் 'முற்றிலும் ஏற்கத்தக்கது' என்று எழுதினார். அதை எழுதும்போது கை நடுங்கும் என்று எதிர்பார்த்தார். நடுங்கவில்லை. அதுதான் அவரைக் கொஞ்சம் உறுத்தியது.

தலைமை அலுவலகத்தில் விளக்குகள் மாறின. திறப்பு விழா நாளில் மட்டும் அவை ஒழுங்காக எரிந்தன. அப்புறம் மாடிக்கு இருவர் வீதம் பதினான்கு 'ஒளி ஒருங்கிணைப்பாளர்' பணியிடங்கள் உருவாக்கப்பட்டன. முன் அனுபவம் கட்டாயம் என்றார்கள். நேர்முகத் தேர்வில் முதலாவதாக வந்தது ஆய்வாளரின் மனைவி. கேள்வி முடிவதற்குள்ளேயே விளக்கைப் போட்டுவிட்டாளாம்.

ஆகையால் இப்போதெல்லாம் சாயங்காலத்தில், வேலை முடிந்து வரும் மனைவி ஹால் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, "ஹால்" என்கிறாள். ஆய்வாளர் சாமான் அறையில் இருக்கிறார். சுவரை வெட்டி இதைச் சரிசெய்துவிடலாமா என்று அவர் ஒரு தடவை கேட்டார். "எதுக்கு? இப்ப நல்லாத்தானே எரியுது" என்றாள் அவள்.

உள்ளே உட்கார்ந்திருந்தால் யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. அப்படி யோசித்துத்தான் புதுக் கட்டடங்களுக்கான ஆய்வுப் படிவத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்: 'பிரேக்கர் அறையில் ஒரு நபர் அமரப் போதிய இடம் உள்ளதா?'

எதற்கு என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் 'உள்ளது' என்றுதான் நிரப்பி அனுப்புகிறார்கள். சிலர் 'காற்றோட்டத்துடன்' என்றும் சேர்த்து எழுதுகிறார்கள்.